அவுட் ஆகாத ராஜா

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், குழந்தைகளே. அந்த வருஷக் கோடையில் அது வெறும் மணல். ஆறு வளையும் இடத்தில் தண்ணீர் தேங்கிய ஒரே ஒரு மடு மட்டும் மிச்சம். இக்கரை விலங்குகளும் அக்கரை விலங்குகளும் அந்த ஒரு மடுவைத்தான் நம்பியிருந்தன.

அடித்துக்கொண்டு சாவதைவிட ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கரையும் பேசி முடித்தன. வாரத்துக்கு ஒரு பந்தாட்டம். ஜெயித்த கரை அந்த வாரம் முழுக்க முதலில் குடிக்கும். தோற்ற கரை, மற்றவர்கள் கலக்கிவிட்டுப் போன சேற்றை நக்கும்.

ஆட்டம் சுலபமானது. எதிராளி விளாங்காயை எறிவான். புளியமரத்தடியில் நின்று அதைக் கட்டையால் அடிக்க வேண்டும். அடித்ததும் ஓட வேண்டும். மருதமரம், நாவல்மரம், அத்திமரம் மூன்றையும் தொட்டுவிட்டுப் புளியமரத்துக்கே திரும்பி வந்தால் ஒரு சுற்று. மூச்சு வாங்கினால் வழியில் ஒரு மரத்தைப் பிடித்து நின்றுகொள்ளலாம். அடுத்தவர் அடிக்கும்போது மேலே ஓடலாம். மூன்று தரம் எறிந்தும் காய் கட்டையில் படாவிட்டால் அவுட். இரண்டு மரத்துக்கு நடுவில் காயால் தொட்டுவிட்டாலும் அவுட். முன்னால் போகிறவரைப் பின்னால் வருகிறவர் தாண்டவே கூடாது. கரைக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஒருமுறைதான்.

இந்த ஆட்டத்தில் இக்கரை ஏழு வாரம் தொடர்ந்து தோற்றது. ஏழு வாரத்திலும் ஒரு சுற்றுகூட எடுக்கவில்லை.

இக்கரைக்கு ராஜா ஒரு புலி. எப்போதும் முதலில் அடிப்பது அதுதான். அது ஒருமுறைகூட அவுட் ஆனதில்லை. அதனால் தோல்விக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று புலி முடிவு கட்டியிருந்தது.

"நான் ஒருத்தன்தான் நிக்கிறேன். மத்த நாலும் கட்டை பிடிக்கத் தெரியாத ஜென்மங்க. இதுங்களுக்கு அடிக்கக் கத்துக்கொடுக்க ஒரு வாத்தியாரைக் கொண்டாங்க" என்று உறுமியது.

கொக்கு வந்து நிற்கும் விதத்தைத் திருத்தியது. மரங்கொத்தி வந்து கழுத்து வீச்சைத் திருத்தியது. கீரி வந்து பார்வையைத் திருத்தியது. ஒவ்வொரு வாத்தியாரும் தோற்ற அன்றைக்கே ராஜாவின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தார்.

நான்காவதாக ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்தார்கள்.

பச்சோந்தியின் குணம் உங்களுக்குத் தெரியும். யார் பக்கத்தில் நிற்கிறதோ அவர் நிறம் அதற்கு வந்துவிடும். ஆனால் அதனிடம் ஓர் அருமையான திறமையும் இருந்தது. அதன் ஒரு கண் கிழக்கே பார்க்கும்போது இன்னொரு கண் மேற்கே பார்க்கும்.

"இன்னிக்கு ஆட்டத்தைப் பாத்துக்கோ. அடுத்த ஆட்டம் உன் பொறுப்பு. தோத்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றது புலி.

"தெரியும், மகாராஜா" என்றது பச்சோந்தி. அதற்குள் அதன் முதுகில் கறுப்பும் மஞ்சளுமாக வரி விழுந்துவிட்டது.

எட்டாவது ஆட்டம் தொடங்கியது. பச்சோந்தி புளியங்கிளையில் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் இரண்டு பக்கம் ஓட்டியது.

அக்கரைக்குக் காய் எறிவது ஒரு நரி. புலி கட்டையோடு வந்ததும் அது குனிந்து கும்பிட்டுவிட்டு, குட்டிக்கு இரை ஊட்டுவதுபோல மெதுவாக எறிந்தது. புலி அடித்தது. காய் கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. ஆனாலும் அக்கரைச் செந்நாய்கள் அதைத் தேடுவதாகப் பாசாங்கு செய்தன. புலி மருதமரம் வரைக்கும் போய் நின்றது.

ஓடிப் போகவில்லை, நொண்டிப் போனது. எப்போதோ ஒரு முள்ளம்பன்றியின் முள் அதன் வலது முன்னங்காலில் ஒடிந்து தங்கிவிட்டது. காட்டில் அதை நொண்டல் என்று யாரும் சொல்லக் கூடாது. ராஜநடை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து காட்டெருது வந்தது. காய் வலப்பக்கம் வந்தால் கட்டையை இடப்பக்கம் வீசியது. கரடி கண்ணை மூடிக்கொண்டு வீசியது. மந்தி வீசவே இல்லை. கடமான் மூன்று தரம் காற்றை அடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. நான்கு பேரும் அவுட். புலி மருதமரத்தடியில் நின்றபடி, "உருப்படாதவங்களா!" என்று கர்ஜித்தது.

பச்சோந்தியின் ஒரு கண் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கண் அடிப்பவர்களின் முகத்தைப் பார்த்தது. நான்கு பேரில் ஒருவர்கூட காயைப் பார்க்கவில்லை. எல்லோரும் புலியின் காலைத்தான் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அது கடமானைத் தேடிப் போனது. மான் சேற்றோரத்தில் தன் குட்டியை நாக்கால் நக்கிக்கொண்டிருந்தது. குட்டிக்கு எழுந்து நிற்கவே தெம்பு இல்லை.

"அக்கா, நீங்க வேணும்னே அவுட் ஆனீங்க" என்றது பச்சோந்தி.

மான் சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது.

"அடிச்சா ஓடணும். ஓடினா முன்னால அவரு. அவரைத் தாண்டக் கூடாது, தள்ளவும் முடியாது. முதல் வாரம் காட்டுப்பன்றி பிரமாதமா அடிச்சான். பின்னால இவன் வர்ற வேகத்துல ராஜா பதறி ஓடி, எல்லார் முன்னாலயும் குப்புற விழுந்தாரு. அன்னிக்குச் சாயங்காலம் பன்றி தண்ணி குடிக்க வரல. மறுநாளும் வரல. அவன் இடத்துக்குத்தான் மந்தி வந்தது."

பச்சோந்தியின் ஒரு கண் குட்டியின் பக்கம் திரும்பியது.

"அவுட் ஆனா தாகம். அடிச்சா சாவு. நாங்க நாலு பேரும் தாகத்தை எடுத்துக்கிட்டோம்" என்றது மான். "ஆனா என் குட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்? நீ வாத்தியாரு. நீ சொன்னா அவரு கேப்பாரு. சொல்லிடு தம்பி."

"சொல்றேன் அக்கா. நேரா அவர் முகத்தைப் பாத்தே சொல்றேன்" என்றது பச்சோந்தி. அப்போது அது மானைப் போலவே பழுப்பாக இருந்தது. அந்த நேரத்தில் அது மனதாரத்தான் சொன்னது.

குகை வாசலில் கொக்கின் இறகு இரண்டும் கீரியின் வாலும் கிடந்தன. உள்ளே நுழையும்போதே அதன் முதுகில் மறுபடி வரி வந்துவிட்டது.

"என்ன கண்டுபிடிச்சே?" என்றது புலி.

பச்சோந்தியின் நாக்கு அதன் உடம்பைவிட நீளம். அன்றைக்கு அது ஒரு விரல்கடை நீளம்கூட வெளியே வரவில்லை. கடைசியில் வேறு ஒன்று வந்தது.

"மகாராஜா, தப்பு வரிசையிலதான் இருக்கு. முதல்ல போறவன் வழியைக் கூட்டிப் பெருக்கிற ஆளு. ராஜா பவனி வர்றதுன்னா கடைசியிலதானே வரணும்? வேலைக்காரங்க எல்லாம் முன்னால போகட்டும். தாங்கள் கடைசியா வந்து முடிச்சு வைங்க."

புலி மீசையை நக்கிக்கொண்டது. "அட, இது ஏன் மத்த மூணு முட்டாள்களுக்கும் தோணல?" என்றது.

வெளியே வந்த பச்சோந்திக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பூரிப்பு. உண்மையையும் சொல்லவில்லை, உயிரும் போகவில்லை, வேலையும் முடிந்தது!

வேலை முடிந்துதான் போனது. ஒன்பதாவது ஆட்டத்தில் முன்னால் யாரும் இல்லாத வழியைப் பார்த்ததும் காட்டெருது அடித்த அடியில் விளாங்காய் ஆற்றைத் தாண்டிப் போய் விழுந்தது. எருது ஒரு சுற்று. கரடி ஒரு சுற்று. மானும் ஒரு சுற்று. அக்கரை இரண்டு, இக்கரை மூன்று. கடைசியாகப் புலி வந்து, தட்டிவிட்டு, மருதமரம் வரை நொண்டிப் போய் நின்றபோது அதை யாருமே பார்க்கவில்லை. எல்லோரும் மடுவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மான்குட்டி தெளிந்த தண்ணீரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. அதில் தெரிந்த தன் முகத்தைக் கண்டு பயந்து பின்வாங்கியது. பிறகு வயிறு முட்டக் குடித்தது.

"இப்பவாவது விஷயத்தைச் சொல்லிடு தம்பி. ஜெயிச்ச சந்தோஷத்துல கேட்டுக்குவாரு" என்றது மான்.

"ஜெயிச்சாச்சே அக்கா. இனிமே எதுக்கு அந்தப் பேச்சு?" என்றது பச்சோந்தி.

அக்கரையில் நரி மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அது மணலைக் கடந்து வந்து புலியின் முன்னால் கும்பிட்டு நின்றது.

"வாராவாரம் எதுக்கு இந்த அலைச்சல், ராஜா? அடுத்த ஆட்டத்தோட முடிச்சுக்கலாம். தோக்கிற கரை மழை வர்ற வரைக்கும் மடுப்பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது. உங்களுக்குப் பயமா இருந்தா வேண்டாம்."

"பயமா? எனக்கா?" என்றது புலி. மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் ஒத்துக்கொண்டும் விட்டது. அடுத்த தண்ணீர் மூன்று நாள் நடைக்கு அப்பால் இருந்தது.

கடைசி ஆட்டம் வந்தது. அக்கரை இரண்டு சுற்று எடுத்தது. இக்கரையில் காட்டெருது முதலில் இறங்கி ஒரே ஓட்டத்தில் ஒரு சுற்று எடுத்துக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு வேண்டும். கரடி, மந்தி, மான் மூன்று பேரும் காத்திருந்தார்கள். போன வாரம் ஆடியதை ஆடினாலே போதும்.

நரி காயை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு குரல் கொடுத்தது.

"ராஜா, மனசு கேக்கல, அதான் சொல்றேன். ஒருநாளும் அவுட் ஆகாத உங்களை எதுக்கு வால் மாதிரி கடைசியில ஒட்ட வெச்சிருக்காங்க? போன வாரம் ஜெயிச்சது எருதாலயும் மானாலயும்னு ரெண்டு கரையும் பேசிக்குது."

புலி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பச்சோந்தியைப் பார்த்தது.

"வாத்தியாரே, நிஜத்தைச் சொல்லு. நான் எதுக்குக் கடைசி?"

பச்சோந்தியின் ஒரு கண் புலியின் நகத்தைப் பார்த்தது. இன்னொரு கண் மானைப் பார்த்தது. மான் கண்ணால் கெஞ்சியது. 'உங்க காலுக்கு முடியல மகாராஜா' என்று ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

"அப்படி ஒண்ணும் காரணம் இல்லை மகாராஜா. தங்கள் இஷ்டம்" என்றது பச்சோந்தி. அதன் உடம்பெல்லாம் வரிவரியாக இருந்தது.

புலி கட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியது. நரி குனிந்து மெதுவாக எறிந்தது. புலி தட்டியது. மருதமரம் வரை போய் நின்றது.

கரடி புலியின் காலைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு வீசி அவுட் ஆனது. மந்தி வீசாமலே அவுட் ஆனது.

மிச்சம் மான் மட்டும்தான். அது தன் குட்டியை ஒருமுறை பார்த்தது. பிறகு நரியின் கையைப் பார்த்தது. புலியின் காலை மட்டும் பார்க்கவில்லை.

அடித்தது பாருங்கள், குழந்தைகளே! அந்தக் காட்டில் அப்படி ஓர் அடியை யாரும் பார்த்ததில்லை. விளாங்காய் ஆற்றையும் தாண்டி, அக்கரைப் புதரையும் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது. செந்நாய்கள் தேடிக்கொண்டு ஓடின. மான் பறந்தது. புலியும் மானும் சுற்றி வந்துவிட்டால் மூன்று. மடு இக்கரைக்கு.

மருதமரத்தைத் தாண்டியதும் மானுக்கு முன்னால் புலியின் முதுகு. ராஜநடை.

"ஓடுங்க மகாராஜா! உங்க காலுல விழறேன், ஓடுங்க!" என்று மான் கதறியது. தாண்டக் கூடாது. தள்ள முடியாது. புலிக்குப் பின்னால் அதுவும் அடிமேல் அடி வைத்து நடந்தது. செந்நாய்கள் காயைத் தேடி எடுத்து, ஒன்றுக்கொன்று கொடுத்து, திரும்பி வந்துகொண்டிருந்தன.

"ராஜாவைத் தொடாதீங்க! மானைத் தொடுங்க!" என்று நரி கத்தியது.

தொட்டார்கள். ஆட்டம் முடிந்தது. புலி நாவல்மரத்தைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா? இன்னிக்கும் நான் அவுட் இல்லை!" என்றது.

அதன் பிறகு அது வாத்தியாரைத் தேடியது. பச்சோந்தி புளியங்கிளையில் இலைக்கு நடுவே இலைபோலப் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. புலி இரண்டு முறை அந்தக் கிளைக்குக் கீழேயே போயும் அதைக் காணவில்லை. பச்சோந்தி ஆசைப்பட்டபடியே அதன் உயிர் தப்பியது.

மறுநாள் உச்சி வெயிலில் இக்கரை விலங்குகள் நடக்கத் தொடங்கின. எருதும் கரடியும் மந்தியும் போயின. பின்னால் வெகு தூரத்தில் புலி நொண்டிக்கொண்டு போனது. அதற்காக யாரும் நிற்கவில்லை. மான்குட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. தாய் அதை நக்கிப் பார்த்தது, முட்டிப் பார்த்தது, பிறகு அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டது.

கிளையில் இருந்த பச்சோந்திக்குப் பனித்துளி போதும், தாகம் இல்லை. அதன் ஒரு கண் வடக்கே புழுதி அடங்குவதைப் பார்த்தது. இன்னொரு கண் மணலில் அசையாமல் கிடந்த இரண்டையும் பார்த்தது. பார்க்காமல் இருக்கத்தான் அதற்கு முடியவில்லை. அதன் பிறகு அது எந்த நிறத்துக்கும் மாறவில்லை. மாறிக் காட்ட அங்கே யாரும் இல்லை.

நீதி: தலைவனின் குறையைக் கண்டும் சொல்லாமல் மறைப்பவன், தன் ஓர் உயிரைக் காத்துக்கொள்ளத் தன்னை நம்பிய அத்தனை உயிரையும் பலி கொடுக்கிறான்.