விரால் விழுங்கிய எல்லைக்கல்

சாத்தனேந்தல் அடைக்கலத்தைப் பொய் சொல்கிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடந்ததைவிட, நடந்திருக்க வேண்டியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான். இந்த ஞாபக சக்தியால் ஊருக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்தச் சித்திரையில்தான் வரப் பார்த்தது.

சாத்தனேந்தலுக்கும் ஆவாரங்குடிக்கும் நடுவில் பெரிய கண்மாய். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் இரண்டு ஊரும் சேர்ந்து இறங்கி மீன் பிடிக்கும். நினைத்தவுடன் இறங்கிவிட முடியாது. கரையில் ஒருவர் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசினால்தான் கூடையும் வலையுமாக ஜனம் பாயும். துண்டு வீசும் மரியாதை எந்த ஊருக்கு என்பதில்தான் தகராறு. கண்மாயில் பெரும்பங்கு யார் எல்லைக்குள் இருக்கிறதோ அவர்களுக்கு என்று பேசி முடித்து, அந்தக் காலத்து சர்வேயில் நட்ட கற்களைத் தேடினால், மூன்று கற்களையும் காணோம். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் ஒருவரும் இறங்கவில்லை. விராலெல்லாம் கொழுத்துக் கொழுத்துக் கொக்குக்குப் போனது.

இந்த நேரம் பார்த்து அடைக்கலம் டீக்கடையில் வாயை விட்டார்.

"அந்தக் கல்லுகளா? நட்டதே நாந்தானே! கண்ணைக் கட்டி விடுங்க, தொட்டுக் காட்டுறேன்."

ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காட்டு, துண்டை நீயே வீசு என்றார்கள். அடைக்கலத்துக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் ஆவாரங்குடிப் பக்கம் துண்டோடு நிற்பவர் சாத்தையா, அடைக்கலம் மனைவி பஞ்சவர்ணத்தின் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து அடைக்கலம் எதைச் சொன்னாலும் தொண்டையைச் செருமி, "அப்படியா மாப்ளே?" என்று கேட்டே ஆளைக் காலி பண்ணுகிறவர். அந்த மனிதர் பார்க்க ஒரே ஒரு தடவை துண்டை வீசிவிட வேண்டும். அடைக்கலத்துக்கு அது நிஜமான ஆசை. கல் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

சர்வேயர் ஜெயசீலன் வரைபடத்தோடு வந்து சேர்ந்தார். கரையில் இரண்டு ஊரும் கூடிவிட்டது. இடுப்பில் கூடைகளைக் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். தண்ணீருக்குள் மீன் புரளுகிற சத்தம் கேட்டது. இந்த வாரம் இறங்காவிட்டால் சேற்றிலேயே செத்து நாறிவிடும்.

"வடக்குக் கல் எங்கய்யா?" என்றார் சர்வேயர்.

"அதை வெள்ளம் கொண்டு போயிருச்சு சார். அந்த வருசம் பேஞ்சது மழையா? தவளையெல்லாம் பனைமரத்துல ஏறி உக்காந்துக்கிட்டு, எப்ப விடும்னு எங்கிட்டக் கேக்குது. அந்தத் தண்ணியில கல்லு அப்படியே மிதந்து போச்சு."

சாத்தையா தொண்டையைச் செருமினார். "கல்லு மிதக்குமா மாப்ளே?"

"மிதக்காது மச்சான். அன்னிக்குத் தண்ணி கெட்டியா இருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டால் அடைக்கலத்துக்கு நாக்கு தானாக நீளும்.

"தெக்குக் கல்லுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது சார், என் பலம் அப்படி. வெள்ளைக்காரத் துரை அளவுச் சங்கிலியை எங்கையில குடுத்து, இழுத்துப் புடிடான்னாரு. புடிச்சேன். ரெண்டு ஊரும் கிட்டக்க வந்துருச்சு! நடுவுல நசுங்குன கல்லு மாவாப் போச்சு. அதுக்கு முந்தி ஆவாரங்குடிக்கு வண்டி கட்டித்தான் போகணும். நான் இழுத்ததுக்கு அப்புறந்தான் பஞ்சவர்ணத்தைப் பொண்ணு பாக்க நடந்தே போனேன்."

"வெள்ளைக்காரன் போனப்ப நீ பொறக்கவே இல்லையே மாப்ளே!"

"யாரு இல்லேன்னா? எங்காத்தா வயித்துக்குள்ள இருந்து ஒரு கையை மட்டும் நீட்டிப் புடிச்சேன்."

ஜெயசீலன் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், ஆனால் வெயில். "பெரியவரே, அந்த ரெண்டும் போகட்டும். நடுக் கல் ஒண்ணு கிடைச்சாப் போதும், மத்ததை நான் அளந்து பிடிச்சிடுவேன். அது எங்கே?"

அடைக்கலம் இன்னும் எதையும் யோசித்து வைக்கவில்லை. ஆனால் அவர் வாய் எப்போதும் யோசனைக்கு முன்னால் போகிறது.

"அதை ஒரு விரால் முழுங்கிருச்சு சார். முழுங்கிட்டுச் சும்மா கெடக்குதா? கண்மாய் பூரா சுத்துது. அது போற பக்கமெல்லாம் எல்லையும் கூடவே போகுது. இந்தா இருக்காங்களே ஆவாரங்குடிக்காரங்க, ராத்திரி அவங்க ஊர்ல படுப்பாங்க, காலையில எங்க ஊர்ல முழிப்பாங்க. வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காங்க."

"அந்த விரால் இப்ப எங்க மாப்ளே?"

"அதைத்தானே சொல்ல வர்றேன் மச்சான்! நான் துண்டை வீசுறேன், எல்லாரும் எறங்குவோம், மீனைப் புடிச்சு வயித்தைக் கீறிக் கல்லை எடுத்து சார் கையில குடுத்துருவோம்."

சாத்தனேந்தல்காரர்கள் விசிலடித்தார்கள். ஆவாரங்குடியிலும் சிலர் கூடையைக் கையில் எடுத்துவிட்டார்கள். சர்வேயர் மட்டும் அசையவில்லை.

"மீன் வாயில போற கல்லாய்யா அது? ரெண்டு முழ நீளம். ஒரு முனையில அம்புக்குறி கொத்தியிருக்கும்."

மோர்ச்செம்போடு வந்த பஞ்சவர்ணம் நின்றுவிட்டாள். "அம்புன்னா? கோழிக்கால் மாதிரி மூணு கோடா சார்? எங்க வீட்டு அம்மியில இருக்கே அது."

வீடு கரைக்குக் கீழேதான். சர்வேயர் முன்னால் போக, இரண்டு ஊரும் பின்னால் போய் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. சுவரோரம் இருந்த முனையில் மிளகாய் விழுதைக் கழுவி விட்டதும் அம்புக்குறி பளிச்சென்று தெரிந்தது.

"அம்மி ஏதும்மா?"

"எனக்கு வந்த சீரு சார்."

சீர் கொண்டுவந்தவர் சாத்தையா. அடைக்கலம் திரும்பிப் பார்த்தார். மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை. செருமாமல் கூட்டத்துக்குப் பின்னால் நகரப் பார்த்தார். அப்போதுதான் அடைக்கலத்துக்கு விளங்கியது. கல்யாணத்தன்று சீர் வண்டி குடை சாய்ந்து வாங்கிய அம்மி உடைந்துவிட்டது என்று ஒரு பேச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் சாத்தையா ஆட்களோடு வேறு அம்மி தூக்கி வந்தார். சீரில் அம்மி இல்லை என்றால் தங்கையை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்களே என்று, வற்றிக் கிடந்த கண்மாயில் கண்ணில் பட்ட கல்லைப் பிடுங்கியிருக்கிறார் மனிதர்.

"சர்வே கல்லைப் பிடுங்கறது குற்றம். யார் செஞ்சது?" என்றார் ஜெயசீலன்.

இத்தனை வருஷச் செருமலுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அடைக்கலத்துக்கு மனசு வரவில்லை. அண்ணனைப் போலீஸ் கூட்டிப் போனால் பஞ்சவர்ணம் அந்த அம்மியில் எப்படி அரைப்பாள்?

"நாந்தான் சார். ஒத்தக் கையில புடுங்குனேன். மறு கையில மாலை இருந்துச்சு, மாப்பிள்ளைல்ல. தோள்ல போட்டுக்கிட்டு ஒரே ஓட்டம். வழியில ஒரு காளை முட்ட வந்துச்சு, அதையும் தூக்கிக் கல்லு மேல வச்சுக்கிட்டேன்."

"எழுதிக்கட்டுமா? கையெழுத்துப் போடணும்."

"தாராளமா."

பஞ்சவர்ணம் அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மோர்ச்செம்பை ணங்கென்று கீழே வைத்தாள்.

"இவரு தூக்குனாரா? சார், அம்மி மிதிக்கும்போது என் காலைத் தூக்கி இந்தக் கல்லு மேல வைக்கணும்னு ஐயரு சொன்னாரு. அந்த ஒரு காலைத் தூக்குறதுக்குள்ள மூச்சு வாங்கி, நானா ஏறி நின்னேன்!"

வாசலே அதிர்ந்தது. சர்வேயர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துப் பேனாவை மூடினார். "ஒத்தக் கையில தூக்கினது இவர்னு எழுதினா எனக்குத்தான் வேலை போகும். சரி, எல்லைக்கு என்னம்மா பண்றது?"

"கல்லு இருக்குற எடந்தானே எல்லை? அது எங்க அடுப்படி. பொறந்தது அந்த ஊரு, பொழைக்கிறது இந்த ஊரு. ரெண்டு பக்கமும் யாரும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாது."

புருஷன் தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டு விறுவிறுவென்று கரையேறினாள். வீசினாள். கேள்வி கேட்க நேரமில்லாமல் இரண்டு ஊரும் கண்மாயில் பாய்ந்தது.

அன்றைக்கு அடைக்கலத்துக்குக் கிடைத்தது விரல் நீளத்தில் ஒரு கெளுத்தி. சாயங்காலம் டீக்கடையில் அது விராலாகிவிட்டது. அதைத் தூக்கியதும் கண்மாயில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது என்றும், அது கூடைக்குள் போகும்போது அவரிடம் "வர்றேன் மாமா" என்று விடைபெற்றது என்றும் சொன்னார்.

எல்லாத் தலையும் செருமலுக்காகச் சாத்தையா பக்கம் திரும்பியது. சாத்தையா கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார். "மாப்ளே கூச்சப்பட்டுக் கொறச்சுச் சொல்றாரு."