யாரும் பேசாத நேரத்துக் கண்

மறுநாள் காலையில் ஆறு வயது ரோஸ்லினுக்கு ஆபரேஷன். அவளுடைய இடது கண் அவ்வப்போது வெளிப்பக்கம் விலகிப்போகும். எந்த ஆபரேஷன் என்று இன்னும் முடிவாகவில்லை.

பயிற்சி டாக்டர் இருதயராஜ் தன் ஆசிரியை டாக்டர் மங்கையர்க்கரசியிடம் போய் நின்றான்.

"மேடம், ரெண்டு கண்ணுலயும் வெளித்தசையைத் தளர்த்தவா? இல்ல, இடது கண்ணுல மட்டும் வெளித்தசையைத் தளர்த்தி உள்தசையை இறுக்கவா? எது நல்லது?"

"ரெண்டுலயும் நேரான கண்ணைப் பாத்திருக்கேன். ரெண்டுலயும் மறுபடி விலகுன கண்ணையும் பாத்திருக்கேன். நீ எப்படி அளந்த?"

"கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மூணு தடவை அளந்தேன். ரெண்டும் ஒரே அளவுதான். அதனால ஒரு கண்ணு போதும்னு நினைக்கேன். பிள்ளை பயப்படக் கூடாதுன்னு கதை பேசிக்கிட்டே அளந்தேன், மேடம்."

"அட மகராசா! பேசிப் பேசியே அந்தக் கண்ணைப் பிடிச்சு நிறுத்தியிருக்கியே!"

ரோஸ்லினைக் கூட்டிப்போய், வராந்தாவின் கடைசியில் ஜன்னலோரப் பெஞ்சில் உட்காரவைத்தார். "யாரும் கிட்டப் போகாதீங்க. பேசாதீங்க" என்றார். அவரும் இருதயராஜும் பிள்ளையின் தாய் சகாயமேரியும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள்.

ரோஸ்லின் கொஞ்ச நேரம் காலை ஆட்டினாள். கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு, தூரத்தில் தெரிந்த புகைபோக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

இடது கண் மெல்ல வெளியே நகர்ந்தது. போனது போனதுதான், திரும்பவே இல்லை.

இருதயராஜ் சத்தமில்லாமல் போய், அந்தப் புகைபோக்கியைப் பார்க்கவைத்தே மறுபடி அளந்தான். தூரத்து அளவு, கிட்டத்து அளவைப்போல் ஒன்றரை மடங்காக ஏறியிருந்தது.

"தூரத்துலதான் கூட விலகுது. அப்போ ஒரு கண்ணு போதாது, ரெண்டு கண்ணும்தான், மேடம்."

சகாயமேரி பதறிப்போனாள். "ஐயோ, நல்ல கண்ணையுமா? வீட்டுல ஒருநாளும் இம்புட்டு விலகுனதில்லையே! நான் பாக்கும்போதெல்லாம் நேராத்தான இருக்கும்!"

"உன்னைப் பாக்கும்போது நேராத்தான்மா இருக்கும். நீ எவ்வளவு நேரம் வீட்டுல இருப்ப?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

"விடியுமுன்ன உப்பளத்துக்குப் போனா, பொழுதடையத்தான் வருவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தா அவ ஒத்தையிலதான் கெடப்பா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆபரேஷன் செஞ்சா எல்லாம் சரியாயிரும்லா, டாக்டரம்மா?"

பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ரோஸ்லினை மங்கையர்க்கரசி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"கண்ணுக்குச் செய்ய வேண்டியதை நாங்க செஞ்சிருவோம்மா."