கடைசிப் பெயர் எங்கே?

அருப்புக்கோட்டை ரத்ததானச் சங்கத்தின் டேட்டாபேஸைக் கட்டிக் காத்தவள் பேச்சியம்மாள். அதிலிருந்த மூவாயிரம் பேரையும் ஆஸ்பத்திரிகள் பார்க்கிற புது இணையதளத்துக்கு மாற்ற, சென்னையிலிருந்து நிபுணர் தணிகாசலம் வந்து இறங்கினார்.

அவர் ஏற்றிய ஃபைல் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. ‘கடைசிப் பெயர்’ என்று குடும்பப் பெயரைக் கேட்ட கட்டம் எல்லோருக்கும் காலி. நம் ஊரில் யாருக்கு அது இருக்கிறது? முன்னால் ஓர் இனிஷியல், பின்னால் பெயர், அவ்வளவுதான்.

“கடைசிப் பெயர் இல்லாத ஆளையெல்லாம் தூக்கிடும்மா!” என்றார் தணிகாசலம்.

“தூக்கிட்டா அவசரத்துக்கு யார் சார் ரத்தம் குடுப்பா?”

“அது என் வேலை இல்லை. ரூல்னா ரூல்தான்.”

“அப்ப எழுதிக் குடுத்துருங்க சார்.”

அவரும் ஜம்பமாக எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். ‘வ. தணிகாசலம்’ என்றிருந்தது.

பேச்சியம்மாள் பவ்வியமாகக் கேட்டாள்: “சார், இதுல உங்க கடைசிப் பேர் எது?”

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த சங்கத் தலைவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

தணிகாசலத்துக்கு முகம் சிவந்தது. “எங்கே, நீதான் ஏத்திக் காட்டேன்!”

அவள் கீபோர்டை இழுத்தாள். இனிஷியல் இருந்த பத்தியை அப்படியே காலிக் கட்டத்துக்கு நகர்த்தி, மறுபடி ஏற்றினாள். மூவாயிரமும் பச்சையாகப் போய்ச் சேர்ந்தன.

“எப்படி?” என்றார் தணிகாசலம்.

“இனிஷியல்னா அப்பாதானே சார்? முன்னால நின்னவரைக் கடைசியில உட்கார வச்சேன். பிள்ளைக்கு ரத்தம் குடுத்தவரு, இந்த லிஸ்ட்ல அவருக்கு இடமில்லாமலா போயிடும்?”