முதுகு காட்டியவர்கள்

“அந்த மலைக்கு இனி என்னை அனுப்பாதீர்கள், அம்மையே” என்றான் சேந்தன், வந்ததும் வராததுமாக.

குரு நல்லமங்கை மூலிகை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேந்தனைவிட வயதில் இளையவள்.

“என்ன நடந்தது?”

“உட்காரவைத்தார்கள். இலை போட்டு, கிழங்கும் தேனும் வைத்தார்கள். நான் ஒரு வாய் எடுத்ததுதான் தாமதம், ஊரே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காதவர்கள் எதற்காக இலை போட வேண்டும்?”

“நீர் என்ன செய்தீர்?”

“இலையைத் தள்ளிவிட்டு இறங்கிவிட்டேன்.”

“காய்ச்சலுக்குக் கொடுத்தனுப்பிய மருந்து?”

சேந்தன் மடியைத் தொட்டுப் பார்த்தான். மருந்துப் பொட்டலம் அங்கேயே இருந்தது.

“அவர்கள் எதைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்?”

“காட்டை.”

“ஏன் என்று கேட்டீரா?”

சேந்தன் மடியை இறுக்கி முடிந்துகொண்டான்.

நல்லமங்கை எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்துவைத்தாள்.

மருந்தோடு சேந்தன் மறுபடியும் மலையேறினான். ஊருக்குள் விடுவார்களா? அதற்குள் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்?

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வார்த்தை குறை சொல்லாமல் உள்ளே கூப்பிட்டார்கள். மாசி என்பவள் மருந்தை வாங்கித் தன் மகளுக்குப் புகட்டினாள். மாலைக்குள் குழந்தைக்கு நன்றாக வேர்த்தது. கண் விழித்துக் கஞ்சி கேட்டது.

சேந்தனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுபடியும் இலை போட்டார்கள். மறுபடியும் எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

இந்த முறை அவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாசியிடம் மெதுவாகக் கேட்டான்.

“தாயே, நான் சாப்பிடும்போது ஏன் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்?”

மாசிக்குக் கேள்வியே விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“விருந்தாளி இலையைப் பார்த்துக் குனிஞ்சிருக்காரு. நாங்களும் இலையவே பார்த்துக்கிட்டிருந்தா, புலி வந்தா யாரு பார்க்கறது?”

வாயில் வைத்த கிழங்கு அப்படியே நின்றது.

“நேற்று… நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேனே.”

“ஆமா. பொழுது சாயற நேரம், அந்த வழி வேற சரியில்ல. எங்க ஆளுங்க ரெண்டு பேரு, நீங்க ஆத்தைத் தாண்டற வரைக்கும் பின்னாலயே வந்தாங்க.”

மாசி சிரித்தாள்.

“நீங்கதான் திரும்பியே பார்க்கல.”