ஒருநாள் முன்பு காலாவதியான நாக்கு

மருதவேலி நாட்டை ஆண்ட கொற்றமாறனின் பாட்டனார் ஒரு போரில் தோற்று, வென்றவன் ஊரில் பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்தார். திரும்பி வரும்போது யானை இல்லை, பொன் இல்லை. கொண்டுவந்தது ஒன்றே ஒன்று: வென்றவனுடைய மொழி. அதற்குக் கோமொழி என்று பெயர் சூட்டி, அரண்மனையிலும் கலாசாலையிலும் ஏற்றி உட்கார வைத்தார். சிறை வைத்தவன் மொழியைச் சிம்மாசனத்தில் வைத்துக் கும்பிட்ட நாடு உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

தெருவில் ஒருவருக்கும் கோமொழி தெரியாது. சபையிலோ அது மட்டும்தான். அதிகாரிகள் பேசுவார்கள். அரசர் கம்பீரமாகத் தலையாட்டுவார். காரியம் முடிந்துவிடும்.

அந்த நாட்டுக் கலாசாலையில் மருத்துவம் படிக்கச் சங்குத்தீவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஆழியாள். தீவில் இருந்த ஒரே வைத்தியரும் இறந்துபோயிருந்தார். பிரசவ வலி கண்டவளைப் படகில் ஏற்றி மூன்று நாள் போக வேண்டும். பாதிப் பேர் போய்ச் சேருவதில்லை. அதனால்தான் வந்தாள்.

தீவிலும் தமிழ், மருதவேலியிலும் தமிழ். என்றாலும் கோமொழித் தேர்வில் தேறினால்தான் நுழைவு முத்திரை. ஆழியாள் ஊரிலேயே தேறினாள். கலாசாலையும் இடம் கொடுத்தது. அப்புறம் முத்திரை அலுவலகத்தின் வரிசையில் நின்றாள்.

“உன் அப்பனுக்கு எத்தனை படகு?” என்று ஒரு சன்னலில் கேட்டார்கள்.

“படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன சாட்சி?” என்று அடுத்த சன்னலில் கேட்டார்கள்.

“இன்னும் உள்ளேயே விடவில்லையே ஐயா!” என்றாள் ஆழியாள்.

“வாய் பேசுகிறாயா? வரிசையின் கடைசிக்குப் போ.”

இப்படியே இருபத்திரண்டு மாதம் போயிற்று. கடைசிச் சன்னலை அடைந்தபோது அவளுடைய தேர்ச்சி ஓலை காலாவதியாகியிருந்தது. ஒரே ஒரு நாளால்! அடுத்த தேர்வுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை கலாசாலை இடம் நிற்காது. மாலைப் படகில் அவளைத் திருப்பி அனுப்பலாமா என்று அரசரிடம் கேட்க, சபைக்கு இழுத்து வந்தார்கள்.

தலைமைத் தேர்வாளர் திவாகர பண்டிதர் எழுந்து கோமொழியில் நீளமாக முழங்கினார். அரசர் தலையாட்டினார். சேவகர்கள் அவள் மூட்டையைத் தூக்கினார்கள்.

“கொஞ்சம் பொறுங்கள்” என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. அரண்மனை ஓலைகளைக் காக்கும் கடம்பனார். இருபத்திரண்டு மாதமும் அந்தப் பெண் வரிசையில் நிற்பதைத் தன் சன்னல் வழியே பார்த்தவர். “அரசே, சட்டத்தை ஒருமுறை படிக்கிறேன். ‘தேறியவருக்கு இரண்டு ஆண்டு முடிந்தபின் கோமொழி தெரியாது என்று கொள்க.’ சரிதானே பண்டிதரே?”

பண்டிதர் பெருமையாகத் தலையசைத்தார். சட்டம் எழுதியவரே அவர்தான்.

கடம்பனார் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து ஊதினார். தூசி பறந்தது. “இது பண்டிதரின் தேர்ச்சி ஓலை. முப்பத்தோர் ஆண்டுப் பழசு. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அந்தக் கரையானுக்காவது கொஞ்சம் கோமொழி ஒட்டியிருக்கும். பண்டிதருக்குச் சட்டப்படி ஓர் எழுத்தும் தெரியாது.”

பண்டிதர் சீறினார். கோமொழியில் மளமளவென்று கொட்டினார்.

“ஐயையோ! பண்டிதருக்கு ஜன்னி! தெரியாத மொழியில் பிதற்றுகிறார்! வைத்தியரைக் கூப்பிடுங்கள்!” என்று கடம்பனார் கூவினார்.

அரண்மனை வைத்தியர் ஓடி வந்தார். இரண்டு காவலர் பிடித்துக்கொள்ள, உச்சந்தலையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பரபரவென்று தேய்த்தார். “நாக்கை நீட்டுங்கள். நோய் அங்கேதான் இருக்கும்” என்றார்.

“விடுய்யா என்னை!” என்று பண்டிதர் அலறினார். முப்பத்தோர் ஆண்டில் சபை கேட்ட அவருடைய முதல் தமிழ். “எனக்கா தெரியாது? தூக்கத்தில்கூடக் கோமொழியில்தான் உளறுவேன்! படித்த மொழி இரண்டு வருஷத்தில் எங்கே போகும்? அதென்ன பாலா, திரிந்துபோக?”

கடம்பனார் எழுத்தரைப் பார்த்தார். “எழுதிக்கொள் தம்பி. படித்த மொழி இரண்டு ஆண்டில் போகாது. தலைமைத் தேர்வாளரின் வாக்கு. அரசே, இந்தப் பெண்ணின் மனுவும் இந்த ஒரு வரிதான்.”

அரசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “முத்திரை கொடுங்கள்” என்றார்.

பண்டிதர் நெற்றியில் வழிந்த சாற்றைத் துடைத்தார். “ஆணை கோமொழியில் இருக்க வேண்டும். யார் எழுதுவது? சட்டம் மாறும்வரை எனக்குத்தான் தெரியாதே!”

“உண்மைதான்” என்றார் கடம்பனார். “நம் அதிகாரிகள் எல்லோரும் மறந்து பத்தாண்டு, இருபதாண்டு ஆகிறது. இவள் மறந்து ஒரு நாள்தான் ஆகிறது. இவளே எழுதட்டும்.”

ஆழியாள் தரையில் உட்கார்ந்து விறுவிறுவென்று இரண்டு வரி எழுதினாள்.

கடம்பனார் ஓலையை வாங்கிப் படித்தார். அவருடைய மீசை லேசாகத் துடித்தது. பணிவாகப் பண்டிதரிடம் நீட்டினார். “பிழை இருக்கிறதா என்று பார்க்கிறீர்களா?”

“எனக்குத்தான் தெரியாதே!” என்று பண்டிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரசர் ஓலையைக் கண்ணருகே பிடித்து, கம்பீரமாகத் தலையாட்டி, முத்திரையைக் குத்தினார். மாலைப் படகு ஆழியாள் இல்லாமல் புறப்பட்டது.

சபை கலையும்போது அரசர் கடம்பனாரை அருகே அழைத்தார். “உமக்கு என்ன பரிசு வேண்டும்?”

“பரிசு இருக்கட்டும் அரசே. ஓலைப் பெட்டியில் ஒருவருடைய தேர்ச்சி ஓலையைத் தேடினேன். கிடைக்கவில்லை.”

“யாருடையது?”

“தங்களுடையது.”

அரசர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “சத்தம் போடாதீர். நான் தேர்வுக்கே போகவில்லை. இருபது ஆண்டாக வெறும் தலையைத்தான் ஆட்டுகிறேன். அந்தப் பெண் என்ன எழுதினாள்? அதையாவது சொல்லும்.”

“முதல் வரியில், தனக்கு அனுமதி என்று எழுதினாள்.”

“இரண்டாவது வரியில்?”

“நாளை முதல் சபையில் எல்லோரும் தமிழில்தான் பேச வேண்டும் என்று எழுதினாள். தாங்கள் முத்திரை போட்டுவிட்டீர்கள்.”

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு கிரீடம் கழன்று மடியில் விழும்வரை சிரித்தார். அதை எடுத்துத் தலையில் வைக்கக்கூடத் தோன்றாமல் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“அப்பாடா! கழுத்து வலி இன்றோடு விட்டது.”