எட்டுத் தட்டு

அந்தக் காலத்தில், பூச்சி பொட்டெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, சிலந்திகள் கூடித்தான் வாழ்ந்தன. ஒருத்தியின் வலையை அடுத்தவள் வலையோடு ஓர் இழை சேர்த்திருக்கும். இந்த முனையில் தட்டினால் அந்த முனைக்குச் சேதி போய்விடும். "மழை வருது, புள்ளைகள உள்ள இழுத்துக்கோ" என்பார்கள். அந்த ஒற்றுமையை இப்போது சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

அதில்தான் ஒரு கள்ளப்பூச்சி வந்து புகுந்தது. பாவி, தட்டவும் கற்றது, அவரவர் குரலையும் கற்றது. "அக்கா, ஓரத்துல உனக்கு ஒரு ஈ சிக்கியிருக்கு, வந்து எடுத்துக்கோ" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டும். நம்பிப் போனவள் திரும்பவில்லை. நூலாயி என்ற சிலந்தியின் இரண்டு தங்கைகளும் அப்படித்தான் போனார்கள், வெறும் தோல்தான் கிடைத்தது. பொய்ச் சேதிக்கு நடுவில் மெய்ச் சேதி எது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

நூலாயி அழுது முடித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வலை வாசலில் விறைப்பாக ஒரு சோதனை இழை கட்டினாள்.

"காலுக்கு ஒண்ணுன்னு எட்டுத் தட்டு தட்டணும் மச்சான். அவனுக்கு ஆறு கால்தானே, எங்க போவான்?" என்று புருஷன் சில்லானிடம் சொன்னாள்.

"எண்ணிக்கை குறைஞ்சா?"

"யாருன்னு கேட்கமாட்டேன். பாஞ்சு கடிச்சிடுவேன்."

சில்லானுக்கும் அது சரியென்றே பட்டது. சேதி தட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று, மற்ற வலைகளுக்கு நேரிலேயே சொல்லிவரக் கிளம்பினான்.

போன வழியில் பல்லி பிடித்துக்கொண்டது. ஒரு காலை அதன் வாயில் விட்டுவிட்டு, உயிர் தப்பி ஓடிவந்து, பதற்றத்தில் எண்ணிக்கையை மறந்து, இருந்த காலுக்கு ஒன்றாக வாசல் இழையைத் தட்டினான். உள்ளே நூலாயி எண்ணினாள். ஏழு.

"நூலாயி, நான்தான் புள்ள" என்றான்.

இதே குரலில், இதே வார்த்தையை அந்தப் பூச்சி எத்தனையோ தடவை சொல்லிவிட்டது. அவள் பாய்ந்தாள்.

கடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "கால் எங்க மச்சான்?" என்று கேட்டாள். அவனுக்கு மூச்சு நின்றிருந்தது.

அவன் பக்கத்திலேயே அவள் கிடந்தபோது இழை மறுபடி அதிர்ந்தது. பிசகில்லாமல் எட்டுத் தட்டு. எட்டிப் பார்த்தாள். கள்ளப்பூச்சி ஆறு காலோடு தன் இரண்டு மீசையையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தது.

நூலாயிக்கு அதைத் துரத்தக்கூட மனம் வரவில்லை. அக்கம்பக்கத்து வலைகளுக்குப் போன இழைகளை ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தாள்.

அன்று முதல்தான் சிலந்தி தனியே கிடக்கிறது. ஆண் சிலந்தி இன்றைக்கும் வலையோரம் நின்று, நான்தான் நான்தான் என்று தட்டிக்கொண்டேதான் வருகிறது. அவளோ முதலில் கடித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறாள்.