சொந்த விருப்பம்

“மிஸ், நான் படிக்கவா, சண்டை போடவா?” என்று கேட்டாள் பவதாரணி.

வேதியியல் ஆசிரியை லூர்துமேரி ஆய்வகத்தில் சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன நடந்துச்சு?”

பவதாரணி பன்னிரண்டாம் வகுப்பு. பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். ஐப்பசியில் அவள் அம்மா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். மார்கழியில் எழுதிய அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் அவள் தேறவில்லை.

பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும். அன்று காலை முதல்வர் அவளை அழைத்து ஒரு தாளைக் கொடுத்திருந்தார்.

“டிசி வாங்கிட்டுத் தனியா பரீட்சை எழுதச் சொல்றாங்க மிஸ். கையெழுத்துப் போடலைன்னா நடத்தைச் சான்றிதழ்ல ஏதாவது எழுதிடுவாங்களாம். அப்புறம் எந்தக் காலேஜ்ல என்னைச் சேர்ப்பாங்க?”

“தாளை வாசி.”

“பவதாரணி ஆகிய நான், என் சொந்த விருப்பத்தின் பேரில்...”

நிறுத்தினாள்.

“மேல வாசி.”

“முடியல மிஸ்.”

“யாரோட விருப்பம்?”

“பிரின்சிபால் சாரோடது.”

லூர்துமேரி கடைசிக் குழாயைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பவதாரணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு பேனாவைத் திறந்து தாளில் ஏதோ திருத்தினாள். முதல்வர் அறைக்குப் போனாள்.

“போட்டுட்டியா?”

“இல்ல சார். நீங்கதான் போடணும்.”

“நானா?”

“விருப்பம் உங்களோடதுதானே சார். என் பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதியிருக்கேன்.”

தாளை மேசைமேல் வைத்தாள். அங்கிருந்து நகரவில்லை.

முதல்வர் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். திரும்ப வைத்தார்.

“ரிசல்ட் போச்சுன்னா நிர்வாகத்துக்கு யார் பதில் சொல்றது?”

“தெரியல சார். எங்க அம்மா செத்துப் போயிட்டாங்க.”

அதுவரை அந்தப் பள்ளியில் அவள் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதல்வர் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“கிளாஸுக்குப் போ.”

போனாள். வேதியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

லூர்துமேரி பாடத்தை நிறுத்தவில்லை. கரும்பலகையில் எழுதும் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.